இலை தின்னாத உடும்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எழும் எல்லாச் சந்தேகங்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது.

அரியலூர் ஹைஸ்கூலில் அந்த வாரம் இக்வானா பாடம். அமெரிக்கப் பிராணி. இலை தழைதான் தின்னும்; முதுகில் சீப்புப் பல் போல முள்வரிசை; தாடைக்குக் கீழே தொங்குதோல்; உச்சந்தலையில் வெளிச்சமும் நிழலும் மட்டும் உணரும் மூன்றாவது கண். "நம்மூரு உடும்பு மாதிரின்னு வச்சுக்கங்கடா" என்றார் சார். நான் அப்படியே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா குழம்புக்கென்று ஓர் உடும்பைப் பிடித்து வந்தார். படிப்புக்கு வேண்டும் என்று ஒரு பகல் தவணை வாங்கினேன்.

சோதித்தேன். முள் இல்லை. தொங்குதோல் இல்லை. மூன்றாவது கண்ணைத் தேடியதில், இருந்த இரண்டு கண்ணாலும் அது என்னை முறைத்ததுதான் மிச்சம். புத்தகத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர் உடும்புக்கு வளர்ச்சி போதாது என்று முடிவுகட்டினேன்.

பிளந்த நாக்கை மட்டும் அது மூலையிலிருந்த கூடைப் பக்கமே நீட்டி நீட்டி இழுத்தது. கூடையில் கோழி ஒன்பது முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா குரும்பலூருக்குத் திரும்பும்போது கோழியும் குஞ்சுமாக அனுப்புவதாக அம்மா சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நாக்காலதான்டா அது மோப்பம் புடிக்கும். கூடைய உள்ள தூக்கி வையி" என்றார் அப்பா.

"அது சைவம்ப்பா. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"பரவால்லடா, நம்ம வூட்டுலயும் ஒரு சைவம்!" என்றபடி அவர் வயலுக்குப் போனார்.

எட்டித் தின்ன வசதியாக, அதைக் கட்டியிருந்த கயிற்றை நீளமாக விட்டு, முருங்கைக்கீரையும் ஒரு கட்டுப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். கோழியும் அந்நேரம் பார்த்து இரை பொறுக்க இறங்கியிருக்கிறது. அதன் கூச்சல் கேட்டு ஓடி வந்தால், நாலு முட்டை உடைந்து கிடந்தன. ஐந்து உடும்பின் வயிற்றில். கீரை கட்டுப் பிரியாமல் இருந்தது.

அம்மா திட்டவில்லை. "ஏன் ராசா, இதயும் பரீட்சையில கேப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் அக்கா குழந்தையோடும் வெறும் கோழியோடும் போய் இறங்கினாள். "குஞ்சு எங்கடி?" என்றாராம் மாமியார்.

"தம்பி படிப்புக்குச் செலவாயிட்டுதுங்க அத்தை."

குஞ்சை விற்றுப் படிக்க வைக்கிறார்கள் என்று மாமியார் நெகிழ்ந்துபோய், என்னை ஒருநாள் சாப்பிட வரச்சொல்லி அனுப்பினார். இன்னும் போகவில்லை.