இருநூற்றுப் பன்னிரண்டு மாமாக்கள்

முப்பத்துநாலு வயதில், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராமிங் படிக்கச் சேர்ந்தேன். ரெண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களின் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் கல்யாணம் கூடி வந்தது. பத்திரிகைக் கவரில் யாரும் உட்கார்ந்து பேர் எழுத வேண்டாம், என் புரோகிராம் ஸ்டிக்கராகவே தந்துவிடும் என்று குளத்தூரில் அம்மா வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

அப்பா சொல்லச் சொல்லப் பெயர்களைக் குறித்துக்கொண்டேன். மாமா பெயர் மட்டும் வரவேயில்லை. அம்மாவின் ஒரே தம்பி, திருவரங்குளத்தில் இருக்கிறார். என் கல்யாணத்துக்கு அவர் வீட்டுக்கு வேன் அனுப்ப அப்பா மறந்துவிட்டார். அவர் வரவில்லை. வராததற்குக் கோபித்துக்கொண்டது யார் என்றால், அப்பா! எட்டு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "கடைசியில அவன் பேரையும் போட்டுரு தாயி. ஒங்கப்பாவுக்குத் தெரிய வேணாம்," என்றாள். கண் கலங்கியிருந்தது. போட்டேன்.

புரோகிராமை ஓட்டி எண்ணிக்கையைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு, சரியாக இருந்தது. அதற்கு மேல் பார்ப்பானேன்? கடையில் ஸ்டிக்கர் அடித்து, சுருட்டியவாக்கில் அம்மாவிடம் கொடுத்து ஒட்டச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வந்தால் அம்மா பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். சுருளை அப்பா அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்து, முகம் கடுக்க அத்தனையும் தானே ஒட்டினாராம். எல்லாவற்றையும் மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாராம். எங்கே என்று கேட்க இவளுக்குத் தைரியமில்லை.

லேப்டாப்பைத் திறந்து பட்டியலை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். முதல் பெயர் மாமா. அடுத்ததும் மாமா. கடைசி வரைக்கும் மாமாவேதான். புரோகிராமில் கிளாஸ் என்பது வெற்றுப் படிவம் மாதிரி, ஆளுக்கொரு படிவம் புதிதாக எடுத்து நிரப்பிப் பட்டியலில் அடுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். புதிதாக எடுக்கும் அந்த ஒரு வரியை நான், ஒவ்வொரு பேருக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்புக்கு வெளியே எழுதித் தொலைத்திருந்தேன். ஒரே படிவத்தில் பேரை அழித்து அழித்து எழுதி, அதையே இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அடுக்கியிருக்கிறேன். கடைசியாக எழுதிய பேர்தானே அதில் நிற்கும். கல்யாணமே நின்றுபோகும் என்று பயந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். பை காலியாக இருந்தது.

"ஒரு கவரை ஒளிச்சு வச்சிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன். ஆத்தாளும் மகளும் சேந்து எல்லாக் கவர்லயும் அவன் பேரையே போட்டு வச்சா, மனுசன் என்ன செய்வான்? போனேன்."

பையை அப்படியே மாமா முன்னால் கொட்டினாராம். மாமா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் தன் பேருக்கு வந்தவை, ஒன்றைக்கூடத் திருப்பித் தர முடியாது என்று பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாராம். இனி ஊருக்குக் கொடுக்கப் பத்திரிகை புதிதாகத்தான் அடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. "வாரேன்னானா?" என்று மட்டும் கேட்டாள்.

"பந்தக்கால் ஊனுற அன்னைக்கே வாரேன்னான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது புரோகிராமில் வந்த தப்பு என்று சொல்ல வாயெடுத்த நான், அப்படியே மூடிக்கொண்டேன்.