சூடு தெரியாத குதிக்கால்

போன வருசம் சித்திரை வெயில் தொடங்கின நேரம், திருகோணமலைச் சந்தைப் பக்கம் நடந்தது இது. நான் லிங்கநகரில் வீட்டிலேயே இடியப்பம் அவித்து நாலைந்து கடைகளுக்குக் கொடுக்கிறனான். விடியமுதல் தொடங்கினால் ஒன்பது மணி மட்டும் சீமெந்து நிலத்தில் நின்றபடிதான் வேலை.

அந்த நாட்களில் இடது குதிக்காலில் ஒரு நோ. கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்க ஆணி ஏறின மாதிரி இருக்கும். கொஞ்சம் நடந்தால் குறைந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா வழி சொன்னா. "செங்கல்லைச் சூடாக்கி, மேல எருக்கலம் இலையைப் போட்டுக் குதிக்காலை அமத்து. பொறுக்க ஏலாமல் வர எடுத்துவிடு." எங்கட பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். நானும் செய்தேன். பொறுக்க ஏலாத சூடு வரவே இல்லை. "எனக்கு அடுப்படிக் கால் அக்கா, இந்தச் சூடு என்ன செய்யும்?" என்று பெருமை வேறு பேசினேன். எட்டு வருசமாய் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கிளினிக்குக்குப் போறதை விட்டுக் கனநாள் என்பதெல்லாம் அப்போது நினைப்பிலேயே இல்லை.

மூன்றாம் நாள், மெத்தென்ற செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் கிண்ணியாக்காரர், என்ர வயதுதான் இருக்கும். அளவு பார்க்க என்ர காலடியில் குந்தி, பழைய செருப்பைக் கையில் எடுத்தவர் அதையே உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, செருப்பு ஈரமாக் கிடக்கு. தண்ணிக்குள்ள மிதிச்சீங்களா?"

"இல்லையே."

"அப்ப காலைத் திருப்புங்க, பாப்பம்."

எனக்கு ஒரே கூச்சம். திருப்பினேன். குதிக்காலின் தோல் வெந்து, கழன்று, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"இது நோகல்லையா?"

"இல்லை."

அவருடைய முகம் மாறிப்போச்சு. "நோகாததுதான் பயம். எங்கட வாப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கினது. முழங்காலோட எடுத்தாங்க. செருப்பு நான் தரமாட்டன், ஆஸ்பத்திரிக்குப் போங்க."

நாளைக்கு இடியப்பம் கொடுத்துவிட்டுப் போறன் என்றேன். "ஒத்தக் காலோட நிண்டு அவிப்பீங்களா?" என்று கேட்டுப்போட்டு, அவரே றோட்டில் இறங்கி ஆட்டோ மறித்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பொம்பிளை டொக்டர் விளங்கப்படுத்தினா. குதிக்கால் எலும்புக்குக் கீழே, சின்னச் சின்ன அறைகளுக்குள் கொழுப்பை அடைத்துவைத்த மெத்தை மாதிரி ஒன்று இருக்காம். அடி வைக்கும்போது உடம்புப் பாரம் முதலில் விழுகிறது அதில்தானாம். அந்த எலும்பிலிருந்து விரல் பக்கம் போற நார் இழுபட்டதுதான் காலமை நோ, அது ஆறக்கூடியது. ஆனால் சீனி தோலின் நரம்பை மழுக்கிப்போட்டுது, அதுதான் சூடு தெரியவில்லை. "இன்னும் பிந்தியிருந்தால் கிருமி எலும்புக்குப் போயிருக்கும், அம்மா. அந்த மெத்தை போனால் திரும்ப முளைக்காது" என்றா.

இரண்டு மாதம் மருந்து கட்டினேன். கால் தப்பியது.

என்ர உடம்பே எனக்குச் சொல்லாமல் விட்டதை, யாரென்று தெரியாத ஒரு மனுசன் என்ர காலடியில் குந்தியிருந்து சொன்னார். அன்றிலிருந்து யாராவது என்னைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.