வரலட்சுமி அக்கா போட்ட வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்காவுக்காகக் காத்திருந்தோம். நாகராஜ் சாரின் லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில்தான் எங்கள் கூட்டம் எப்போதும் நடக்கும். ஓசூரில் வருடந்தோறும் நடக்கும் கல்லூரிப் பெண்கள் வாலிபால் போட்டிக்கு அவர் செயலாளர். கலந்துகொள்ளும் எட்டு அணிகளில் எது பலமானது, எது அடுத்தது என்று ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசை போடுவது மூன்று பேருடைய வேலை: நாகராஜ் சார், ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கும் நான், பிறகு வரலட்சுமி அக்கா. வரிசை தவறினால் நல்ல அணிகள் இரண்டு முதல் நாளே மோதி, ஒன்று கோப்பையை விட்டு ஐந்திலிருந்து எட்டு வரையுள்ள இடங்களுக்கு ஆட வேண்டியதாகிவிடும். அக்கா ஒருநாளும் தாமதமாக வந்தவர் இல்லை. நாகராஜ் சாரின் போன் அடித்தது. அக்காவின் கணவர் வெங்கடேசப்பா பேசினார். காலையில் மார்வலி என்றாராம், ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது. நாகராஜ் சார் போனை வைத்துவிட்டு, "வரலட்சுமிம்மா போய்ட்டாங்க, செல்வி மேடம்" என்றார். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவரே எழுந்துபோய் அதை நிறுத்தினார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் குரலை நினைவூட்ட வேண்டியதில்லை. வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், மைதானத்தில் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இளவயதில் தொழிற்சாலை அணிக்கு ஆடியவர். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். என் பேச்சை என் முன்னாலேயே பழித்துக் காட்டி, நான் சிரிக்கும்வரை விடமாட்டார்.

அவர் வருவதற்கு முன்பு எங்கள் வரிசை சுலபமானது. போன வருடம் கோப்பை வாங்கிய அணிக்கு முதலிடம், அதனிடம் தோற்றதற்கு இரண்டாமிடம். முதல் கூட்டத்திலேயே அக்கா அதை ஒதுக்கினார். "போன வருசம் ஆடுன புள்ளைங்கள்ல பாதி பேரு படிப்பு முடிச்சிட்டு போய்ட்டாங்க. நாம அவங்களுக்கு ரேங்க் போட்டுட்டிருக்கோம்" என்றார். பிறகு ஒவ்வொரு கல்லூரிக்கும் பஸ் ஏறிப் போய்ப் பயிற்சியைப் பார்த்தார். மற்றவர்கள் வலைக்குப் பக்கத்தில் நின்று, யார் ஓங்கி அடிக்கிறாள் என்று பார்ப்போம். அவர் அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். "நல்ல பந்து வந்தா நானே தூக்கிக் குடுப்பேன். கோணலா ஒண்ணு வரட்டும், அப்ப இவ என்ன பண்றான்னு பாக்கணும்" என்பார்.

நானும் அவரும் பேசாமல் இருந்தது ஒரே ஒரு முறை, அதுவும் முக்கால் மணி நேரம். அந்த வருடம் என் அணிதான் நடப்புச் சாம்பியன். மாணவிகள் ஒருவர்கூட மாறவில்லை. கூட்டத்தில் அக்கா எங்களை ஐந்தாம் இடத்தில் எழுதினார்.

"எதுக்குக்கா எங்க டீமை அஞ்சாவதா போடுதீங்க?" என்றேன்.

"அஞ்சுதான், செல்வி."

"காரணம் சொல்லணும்லா?"

"அஞ்சுதான்."

நாகராஜ் சார் தண்ணீர் டம்ளரை எனக்கும் அவருக்கும் மாறி மாறி நகர்த்திக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும்வரை நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்து, ஹேண்டில்பாரில் கை வைத்துக்கொண்டார்.

"உன் கேப்டன் எம்பி அடிச்சிட்டு எறங்கறப்ப எடது காலை மட்டும்தான் ஊனறா. ரெண்டு நாள் பாத்துட்டேன், எல்லா தடவையும் அப்படித்தான். வலது முட்டியில என்னமோ இருக்குது. அதை உள்ள சொன்னா வெளிய போகாம இருக்குமா? மத்த ஏழு டீமும் பந்தைப் போட்டு அந்தப் புள்ளையத்தான் ஓடவிடுவாங்க."

தினமும் கூடவே இருக்கும் நான் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் கீதாவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். கேட்டதும் அழுதுவிட்டாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கான தேர்வு அடுத்த சில மாதங்களில் இருந்தது. வலி என்று சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, கிரெப் பேண்டேஜை முட்டிக்கச்சைக்கு உள்ளே மறைத்துக் கட்டி ஆடியிருக்கிறாள். ஸ்கேன் எடுத்தோம். மூட்டுத் தசைநாரில் கிழிசல். இன்னும் ஒரு மாதம் ஆடியிருந்தால் அறுவைசிகிச்சைதான் என்றார் டாக்டர். அவளை உட்காரவைத்தோம். போட்டியில் அவள் இல்லாமல் ஆடி ஆறாவதாக வந்தோம். அக்கா என்னிடம் வந்து, முகத்தை வெகு வருத்தமாக வைத்துக்கொண்டு, "ஒரு எடம் தூக்கிப் போட்டுட்டேன் போலருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீதா குணமாகித் தேர்வில் ஆடினாள். இன்று சென்னையில் வேலையும் பார்க்கிறாள், அந்தத் துறையின் அணிக்கும் ஆடுகிறாள். அக்கா போன செய்தி கேட்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

அக்கா தவறியதும் உண்டு. பாரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று முதல் முறையாக வந்தது. அவர்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்த அக்கா எட்டாவது என்றார். "ஆறு பேரும் வாயே தொறக்கல. 'எனக்கு', 'உனக்கு'ன்னு கூப்பிடாம ஆடற டீம் எப்பிடி நிக்கும்?" எட்டாவது என்பதால் முதல் ஆட்டமே முதலிடத்து அணியுடன். அது பெங்களூரிலிருந்து வந்த பெரிய கல்லூரி.

ஆட்ட நேரம் வந்தது, பாரூர் வேன் வரவில்லை. சானமாவுக் காட்டருகே யானைக்கூட்டம் ரோட்டைக் கடப்பதால் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்று போன் வந்தது. பெங்களூர் அணியின் மேலாளர் விதிப் புத்தகத்தைக் காட்டி, தங்களுக்கே வெற்றி தரவேண்டும் என்றார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். அக்கா கன்னடத்தில் அவரிடம், "யானைங்க எந்த காலேஜ் சார்? அதுங்களுக்கு நாங்க டைம் போட்டு லெட்டர் அனுப்பலையே" என்றார். மேலாளர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடிவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்த பெண்கள், குட்டியானை ஒன்று ரோட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடியே காலணி மாட்டினார்கள். களத்தில் இறங்கியதும் பேச்சு நின்றது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளியில் சேர்ந்து ஆடியவர்களாம். ஒருத்தி நகர்ந்தால் மற்றவள் அந்த இடத்தில் இருந்தாள், கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. மூன்று செட் போய் ஜெயித்தார்கள். அக்கா நேராக மேடைக்குப் போய், வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"இந்த டீமை எட்டாவதா போட்டது நான்தான். பேசலைன்னு போட்டேன். இவங்களுக்குப் பேசற அவசியமே இல்ல. நான் பாத்தது தப்பு." அதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் சொன்னார். கீழேயிருந்து பாரூர் கேப்டன், "அப்ப அடுத்த வருசம் எத்தனாவதுங்க மேடம்?" என்று கேட்டாள். "அடுத்த வருசம் வந்து பாத்துட்டு சொல்றேன்" என்றார் அக்கா. மைதானமே சிரித்தது.

இவ்வளவு பேரை வரிசையில் பின்னுக்குத் தள்ளியவர்மீது யாருக்கும் ஏன் மனத்தாங்கல் இல்லை என்று காரியத்தன்று பேசிக்கொண்டிருந்தோம். வெங்கடேசப்பா சொன்னார்: "வேலையில இருந்தப்பவும் இப்படித்தாங்க. பீஸ் மேல கோவம் வெச்சு ரிஜெக்ட் பண்ணக்கூடாதும்பா. எனக்கும் ரேங்க் வெச்சிருந்தா. காய் நறுக்கறதுல நான் கடைசி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் சிரித்தார்.

காரியம் முடிந்த பிறகே வரிசை போட உட்கார்ந்தோம். கெலமங்கலம் பக்கமிருந்து ஒரு புது அணி. கடைசியில் போட்டுவிடலாம் என்றார் நாகராஜ் சார். நான் பஸ் ஏறிப்போய் இரண்டு மாலை அவர்கள் பயிற்சியைப் பார்த்தேன். மிகவும் பிடித்துப்போய் மூன்றாவது என்று எழுதினேன். போன வாரம் போட்டி முடிந்தது. அவர்கள் ஏழாவதாக வந்தார்கள்.

அவர்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்த மரத்தடிக்குப் போய், மூன்றாவது என்று போட்டது நான்தான், தப்பாகக் கணித்துவிட்டேன் என்றேன். இதைச் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு பெண் ஷூவைக் கழற்றியபடியே நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க மூணாவதுன்னு போட்டதாலதான் மேடம் எல்லாரும் எங்களைப் பாத்து உசாரா ஆடிட்டாங்க. அடுத்த தடவ எட்டாவதாவே போடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். மற்றவர்கள் அவள் முதுகில் அடித்துச் சிரித்தார்கள். எனக்கும் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

நேரில் போய்ப் பார்க்காமல் யாரைப் பற்றியும் சொல்வதில்லை. சொன்னது தவறானால் அவர்களிடமே போய் ஒப்புக்கொள்வது. வரலட்சுமி அக்காவிடமிருந்து இந்த இரண்டையும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். பழத்தைத் தின்றுவிட்டு, அடுத்த வருடம் பயிற்சியை எந்த மாதம் தொடங்குவார்கள் என்று அந்தப் பெண்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.