சிவில் படித்த அக்கா

சமையலறை அலமாரியின் மேல்தட்டில் அக்காவின் ரசமட்டம் கிடக்கிறது. சுவர் எழுப்பும்போது கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியுமாக, அதுதான். பாலசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் நான் படித்த பத்தாம் வகுப்புக்குப் படிப்பு பற்றிப் பேச வந்த அக்கா, பெஞ்சின் மேல் அதை வைத்தாள். குமிழி ஓரமாக ஒதுங்கியது. "பெஞ்சு கோணலா இருக்குது பாரு. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னு உனுக்குத் தோணுதா? அப்போ இன்ஜினீரிங்குக்கு வா. தோணலன்னா யார் சொன்னாலும் வராத."

அவளுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. வரப்புத் தகராறுக்காக எங்கள் நைனா போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்த காலம். போகும்போதெல்லாம் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பினார்கள். திருப்பதியில் அக்காவின் இன்ஜினீரிங் கவுன்சலிங்கில் எந்தப் பிரிவு என்று கேட்டதும் நைனா முந்திக்கொண்டார். "சிவிலே எய்திக்கோங்க சார். நம்ம நெலத்து வெவகாரமெல்லாம் அதுலதான் வருதாம்." அக்காவுக்கும் அது என்னவென்று தெரியாது. பிற்பாடு வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், நைனாவும்தான். ஆனால் சேர்ந்த பிறகு அந்தப் படிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. அதுதான் வினையாகிவிட்டது.

திருப்பதியில் லாட்ஜுகள் தெருவுக்குத் தெரு எழும்பிக்கொண்டிருந்தன. வேலை கேட்டுப் போனால், "பொம்பளப் புள்ளைய சைட்டுல எங்கம்மா நிறுத்தறது" என்றார்கள். கடைசியில் ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில் உட்கார்ந்து பிளான் வரைந்தாள். லீவு நாள் வந்தால் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போவாள். தன்னைப் போல எந்தப் பிள்ளையும் தெரியாமல் போய் மாட்டக்கூடாது என்ற ஒரே பிடிவாதம். பிள்ளைகள் குமிழியை ஆசையாகத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "அமெரிக்கா போறதுக்கு எது படிக்கணும் மேடம்?" என்பார்கள். வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் அதையேதான் கேட்பார்கள். வீட்டுக்கு ஒருவராகக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்கா போனது அக்காதான், சாப்ட்வேர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு. அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு போனவளுக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. அவள் வாங்கிய பட்டம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அச்சானதோடு சரி. விசா விவகாரம் ஒருவழியாகத் தீர்ந்தபோது, வேலை கேட்டுப் போன இடங்களில், இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

போன வாரம், பத்தாவது படிக்கும் என் மகள் ரசமட்டத்தைக் கீழே எடுத்தாள். எதற்கென்று நான் சொல்லவே இல்லை. சமையல் மேடையில் வைத்து, குனிந்து பார்த்து, "மேடை கோணலா இருக்குதும்மா. ஏன்?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. உடனே அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, "உன் கேள்வியையே கேக்கறா பாருக்கா, இன்னா படிக்க வெக்கலாம்?" என்றேன்.

அக்கா போன் திரையில் குமிழியைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரே படிக்கட்டும். அதத் தூக்கி மேல வெச்சிடு."

மகள் பதிலுக்காக மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளை நகரச் சொல்லிவிட்டு, ரசமட்டத்தை மேல்தட்டில் வைத்தேன்.