வெட்டக்கூடாத இடம்

புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதுதான் என் நாத்தனாருக்கு வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோரம், அதே ஸ்டூல். பக்கத்தில் நான் மெஷினில் ப்ளவுஸ் தைப்பேன்.

புடவையை ஒரு தடவை விரித்துப் பார்த்தால் போதும். எது இடுப்புக்கு வரும், எது கொசுவத்துக்குப் போகும், எது தோளில் ஏறும் என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். அதில் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. "எப்படிக் கட்டுவீங்கன்னெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?" என்பார்.

அன்று காலை ஒரு நர்ஸம்மா, மகள் கல்யாணத்தில் தான் கட்டிக்கொள்ளப் பச்சைப் பட்டு ஒன்றைக் கொடுத்துப் போனார். நாத்தனார் வழக்கம்போல முதல் வேலையாக, உள்முனையில் சேர்ந்திருந்த ப்ளவுஸ் துணியைக் கத்தரித்து என் மேஜையில் போட்டார். அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"சொல்ல மறந்துட்டேங்க. ப்ளவுஸ் பிட்டை வெட்டிடாதீங்க. எங்க வழக்கத்துல கொசுவத்தைப் பின்னாடி வச்சுக் கட்டுவோம், முழுத் துணியும் வேணும். நாளைக்குக் காலைல கல்யாணம், சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

நான் சொன்னதும் நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒட்டுப் போட்டுடலாமே அக்கா?" என்றேன்.

"போடலாம். ஆனா அந்தக் கட்டுல ஒட்டு எங்க வந்து நிக்கும்? நெஞ்சுலயா, முதுகுலயா? எனக்குத் தெரியலையேடி."

அவர் வாயிலிருந்து 'தெரியல' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வேறொரு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன். அன்று ஊசிப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வெட்டிய ஓரத்திலிருந்தே பட்டு நூலை உருவி, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் கையாலேயே ஒட்டுப் போட்டார். பிறகு ஓரம் முழுக்க ஃபால்ஸ் வைத்தார்.

சாயங்காலம் நர்ஸம்மா வந்தார். பேசாமல் கொடுத்துவிடலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். நாத்தனார் என்னை முறைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன். தப்பு என்னுதுதான். ஒட்டுப் போட்டிருக்கேன், வெளிய தெரியுதான்னு ஒரு தடவை கட்டிப் பாருங்க."

நர்ஸம்மாவின் முகம் சுருங்கிப் போனது. புடவையோடு திரைக்குப் பின்னால் போனார். நாங்கள் இரண்டு பேரும் திருடிகள் மாதிரி நின்றோம்.

வெளியே வந்தார். கொசுவம் பின்னால் விசிறியாக விரிந்திருந்தது. நாத்தனார் அவரை இரண்டு தடவை சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"காணோமே!"

நர்ஸம்மா இடுப்புப் பக்கம் மடிப்பை விலக்கிக் காட்டினார். "இங்க உள்ள போயிடுச்சு. இதுக்கு மேல ரெண்டு சுத்து இருக்கு. என் வீட்டுக்காரருக்கே தெரியாது, போங்க!"

நாத்தனார் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"அம்மா, திரும்ப ஒரு தடவை மெதுவாக் கட்டுங்களேன். நானும் உள்ள வர்றேன்."

"ஏன், நீங்களும் இப்படிக் கட்டப் போறீங்களா?"

"இல்லம்மா. எங்க வெட்டக்கூடாதுன்னு பாத்துக்கறேன்."