தோமினிக்கின் முதல் வெள்ளிகள்

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் என் தம்பி தோமினிக். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில் அவன் நாமக்கல்லில் ஒரு பஸ் கம்பெனியில் கண்டக்டராகச் சேர்ந்தபோது, புதுக் காக்கிச் சட்டையின் பித்தான்களை எல்லாம் பிரித்து நானே இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். கூட்டத்தில் இழுபட்டால் அறுந்துவிடக் கூடாது அல்லவா?

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவன் இருதயத்தைத் தொட்டிருந்தது. மாதம் தவறாமல் ஊசி போட வேண்டும், விட்டால் காய்ச்சல் திரும்பும், திரும்பினால் இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் அவனுக்குக் குறித்த நாள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. நான் அஸ்தம்பட்டியிலிருந்து முன்னாலேயே போய் அவனுக்காக வரிசையில் நிற்பேன்.

புது வேலையில் இதை எப்படிச் சொல்வது? ஆறு மாதம் கழித்துத்தான் நிரந்தரம் செய்வார்கள். முதலாளி செங்கோடன் இரக்கமுள்ளவர்தான். ஆனாலும் தனக்கு வலிப்பு உண்டென்று சொன்ன கிளீனர் பொன்னனை மறுநாளே அனுப்பிவிட்டவர்.

"மாசத்துல முதல் வெள்ளி மட்டும் லீவு வேணுங்க" என்று தோமினிக் கேட்டிருக்கிறான். காரணம் சொல்லுமுன் முதலாளியே முந்திக்கொண்டார்.

"உங்க கோயில்ல அன்னைக்குப் பூசை விசேஷமாச்சே! பக்கத்தூட்டு இன்னாசிமேரி சொல்லும். சாமி காரியத்துக்கு நான் குறுக்க நிப்பனா? போய்ட்டு வா சாமி. எம் மக வயித்துல ஒரு குழந்தை தங்கோணும்னு மெழுகுவத்தி ஏத்திட்டு வா."

"ஆமாங்க, சரிங்க" என்று வந்துவிட்டான்.

"நான் பொய் சொல்லிட்டனாக்கா?" என்றான் என்னிடம். அதன் பிறகு ஒரு மாதம்கூடப் பூசை காணாமல் ஊசிக்கு வந்ததில்லை. முதலாளி கொடுத்த மெழுகுவத்தியையும் ஏற்றிவிட்டுத்தான் வருவான். டிரைவர் சின்னுசாமி அவனைச் சீண்டுவாராம்: "நாங்க ஸ்டியரிங்கையே புடிச்சுத் தொங்கறம், நீ சாமியப் புடிச்சுக்கிட்டயேடா!"

ஐம்பத்தெட்டு ஏப்ரலில் முதல் வெள்ளியே பெரிய வெள்ளியாக வந்தது. "நிதானமா இருந்துட்டு வா" என்று முதலாளி தாமே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். ஒருசந்தி விரதத்தோடு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போடும் அறை பூட்டிக் கிடந்தது. சர்க்கார் விடுமுறை. ஆண்டவர் பாடுபட்ட நாள் என்று அறிந்திருந்த எங்களுக்கு, அது ஆஸ்பத்திரிக்கும் விடுமுறை என்று தோன்றவே இல்லை.

"திங்கக்கெழம வாங்கம்மா, போட்டுருவாங்க" என்றான் காவல்காரன்.

"திங்கக்கிழமைக்கு லீவு கேளுடா."

"என்ன சொல்லிக் கேக்கறது? இப்பத்தான் நாள் முழுக்கக் குடுத்தாரு. இன்னும் ஒரு மாசந்தானேக்கா. நிரந்தரமாகட்டும், நானே போய் உள்ளதைச் சொல்லீர்றேன்."

"அதுவரைக்கும் உன் நெஞ்சு பொறுக்கணுமே சாமி."

"இத்தன நாளாப் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்குது" என்று சிரித்தான்.

அந்த மாதக் கடைசியில், திருச்செங்கோட்டில் பஸ் நின்றதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முழங்கால்கள் வீங்கியிருந்தன, உடம்பு கொதித்தது. சின்னுசாமிதான் தூக்கிக்கொண்டு வந்தார். மே மாதத்து முதல் வெள்ளிக்கு அவன் யாரிடமும் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.

முதலாளி துக்கத்துக்கு வந்தார். ஊசி விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு அழுதார்.

"ஊசிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"பொன்னன் சொன்னானுங்களே" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் குடுத்த மெழுகுவத்தியெல்லாம்..." என்று இழுத்தார்.

"ஒவ்வொரு மாசமும் ஏத்தினானுங்க. பெரிய வெள்ளியன்னைக்குத்தான் முடியல. அன்னைக்கு எங்க கோயில்ல மெழுகுவத்தி ஏத்த மாட்டாங்க. அது எங்கிட்டத்தான் இருக்குது."

எடுத்து வந்து கொடுத்தேன். அவர் கிழித்த தீக்குச்சி இரண்டு முறையும் திரி பற்றுமுன் அணைந்துவிட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.