நனைந்த கேழ்வரகும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் ஒருமுறையாவது அவரோடு வாரச்சந்தைக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்களுக்காக, கூடவே போய்ப் பை தூக்கிய தங்கை நான் எழுதுகிறேன்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்ட குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே தவறிவிட்டதால், எங்கள் நால்வருக்கும் சோறாக்கிப் போடும் பொறுப்பு சிறு வயதிலேயே அவரிடம் வந்துவிட்டது. வில்லியனூர்ப் பக்கம் ஒரு மில் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து நானும் அதே தெருவுக்கு மருமகளானேன். மில் வேலைக்கு வாரக்கூலி; மில் மூடிக் கிடந்த மாதங்களில் அதுவும் இல்லை. அப்போதும் அக்கா வீட்டுப் பிள்ளைகள் வாடியதில்லை. காரணம் வாரச்சந்தைதான்.

கைக்குத்தல் அரிசி, கம்பு, கொள்ளு, செக்கு எண்ணெய், கறுத்த வெல்லம். இவைதான் அவர் தேடுபவை. சந்தைக்குள் நுழைந்ததும் எதையும் வாங்காமல் ஒரு சுற்று வருவார். பயற்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

"இன்னாக்கா, மாடா வாங்கற, பல்லு புடிச்சுப் பாக்கறியே?" என்பேன்.

"வெள்ள வெளேர்னு இருக்கற வெல்லத்தத் தூக்கிக்கினு வூட்டுக்கு ஓடறவ நீ. சும்மா வாடி" என்பார்.

ஒரு கார்த்திகையில் நடந்ததை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. சந்தை கூடிக்கொண்டிருந்தபோதே பெருமழை பிடித்துக்கொண்டது. திருவாண்டார்கோயில் பக்கமிருந்து தானியம் கொண்டுவரும் பாயின் நான்கு மூட்டைக் கேழ்வரகும் நனைந்துபோயிற்று. மழை விட்டதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டு கால் விலைக்குக் கேட்டார்கள். மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும் என்றார் ஒருவர். பாய் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். நல்ல மணிகள், இப்போதுதான் நனைந்தவை. "பாய், பாதி வெலைக்கு நாலு மூட்டையும் எங்க தெருவே எடுத்துக்குது" என்றார்.

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். "கால் வெலைக்கே தருவாருக்கா!"

"தருவாரு. அப்பறம் அடுத்த வாரம் வருவாரா? இவர வுட்டா கல்லு இல்லாத தானியம் யாரு தர்றது?"

எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர், அந்த வாரச் செலவுக்கு வைத்திருந்ததை எல்லாம் அக்காவின் பேச்சை நம்பிப் போட்டார்கள். நனைந்த தானியத்தை முளைகட்டி, காயவைத்து, மாவாக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். வீட்டுக்கு வீடு ஈரத்துணி மூட்டைகள் தொங்கின. மறுநாளே வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப் பார்த்தது. ஆனால் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கும் மறுநாள் மூட்டைகளில் லேசாகப் புளித்த வாடை வந்தது.

எதிர்வீட்டு அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். "யக்கா, உன்ன நம்பித்தான போட்டோம். இந்த வாரம் புள்ளிங்களுக்கு இன்னாத்தக் குடுக்கறது?"

அக்காவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தார். பின்னாலேயே ஓடினேன். நேராகப் பொரி வறுக்கும் கடைக்குப் போனார்.

"ஈரத்தக் கொட்டினா என் மணலு கெட்டுப்பூடும்மா" என்றார் கடைக்காரர்.

"மணலே வேணாண்ணா. உங்க வேல முடிஞ்சதும் வெறுஞ்சட்டி குடுங்க. அடுப்பு சூடு ஆறறதுக்குள்ள நாங்களே வறுத்துக்கறோம்."

அவர் மழையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்கினு வா" என்றார்.

இரண்டு நாள் பிற்பகலில் ஏழு பெண்கள் மாறி மாறி வறுத்தோம். கை கொப்பளித்தது, கண் எரிந்தது, ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. வறுபட்ட முளைக் கேழ்வரகின் மணம் தெருமுனைவரை வந்தது. ஒரு வாரத்துக்கு என்று போட்ட காசு, பொங்கல்வரை கூழும் களியும் அடையுமாகப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது. பொரிக்கடைக்காரர் வீட்டுக்கு ஒரு தூக்கு மாவை அஞ்சலையே கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த சந்தையில் பாய் அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

அதன்பிறகு எங்கள் தெரு சேர்ந்தேதான் வாங்கியது. மூட்டையாக எடுத்துப் பங்கிட்டுக்கொண்டோம். மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்து, மாமாவைக் கடைசிவரை கவனித்து, அக்கா நிறைவாகவே வாழ்ந்தார்.

இதயம் தளர்ந்து படுத்த கடைசி மாதத்தில் என்னைத் தனியாகச் சந்தைக்கு அனுப்பினார். வாங்கிவந்த பச்சைப்பயற்றில் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா வெலடி?" என்றார். அவர் மகிழட்டும் என்று விலையைக் குறைத்துச் சொன்னேன்.

"பொய்யி. அந்த வெலைக்கு பாய் குடுக்க மாட்டாரு" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். "பயறு நல்லாத்தான் கீது, போ."

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், முறை வைத்து எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருப் பெண்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவை எடுத்த அன்று சந்தை நாள். நல்ல வியாபார நேரத்தில் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, கையில் தானிய உமியோடு எங்கள் வாசலில் வந்து நின்ற வியாபாரிகள் ஒவ்வொருவருக்கும் கைகூப்புகிறேன்.